டன்மூர் மலை இலை நிலவரம்

டூசான், அரிசோனா
27 ஆகஸ்ட் 1986

அன்புத் தம்பி ரோலண்டுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் ரத்த அழுத்தம் டாக்டர் பேச்சைக் கேட்கிறது, நான்தான் கேட்பதில்லை. மற்றபடி சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்தில் புதன்கிழமைதோறும் கூடும் எங்கள் எழுத்தாளர் வட்டம் உனக்குத் தெரியும். பன்னிரண்டே நாற்காலிகள். வெளியே காத்திருப்போர் பட்டியல் வேறு. நான்கு வருஷமாக அங்கே உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதில் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், நானாக ஒரு கதையையும் முடித்ததில்லை. இந்த வருஷ மலருக்கு இலையுதிர்காலக் கதையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "டெல்பின் வெர்மான்ட்காரி. அவளுக்கு இது ரத்தத்துலயே ஓடும்" என்று தலைவி திருமதி பாஸ்கம் சொன்னாள், நானும் மகராசி மாதிரி தலையாட்டிவிட்டேன். நவம்பர் பத்தாம் தேதிக்குள் கதை வேண்டும். வராவிட்டால் என் நாற்காலி பட்டியலில் முதலில் நிற்கும் பல் டாக்டருக்கு. இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும் ரோலண்ட். என் வீட்டுக்காரர் வால்டர் போய்ச் சேர்ந்த பிறகு வாரத்தில் நான் ஒழுங்காகத் தலை சீவுவது புதன்கிழமை மட்டும்தான்.

ஆனால் இங்கே வெயில் நூற்று நான்கு டிகிரி. இலை உதிர்ந்து பார்த்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. நேற்று ஏசியை முழுதாக வைத்து, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அடுப்பில் பட்டையும் கிராம்பும் கொதிக்கவிட்டு எழுத உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை, மின்சாரம் போனது, நான் மயங்கி விழுந்தேன். பக்கத்து வீட்டு கொன்சுவேலா ஓடிவந்து, "ஆகஸ்ட் மாசம் எவளாச்சும் கம்பளி போடுவாளா? மூளை கீளை வெந்துபோச்சா உனக்கு?" என்று தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

ஆகவே நீதான் கதி. அங்கே நீ பார்ப்பதையெல்லாம் எனக்கு எழுது.

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா டெல்பின்


டன்மூர், வெர்மான்ட்
3 செப்டம்பர் 1986

அன்பு அக்காவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீ கம்பளி போடாதே.

நீ கேட்டபடி: மலையில் நிறம் மாறியது இரண்டு சதவீதம். கிழக்குச் சரிவில் மூன்று. ஓடைக்கரை மேப்பிள் மரம் ஒன்று முந்திக்கொண்டு சிவந்திருக்கிறது. அது வருஷா வருஷம் அப்படித்தான், அதற்கு வேரில் நோய். அதன் இலை ஒன்றை இந்த உறையில் வைத்திருக்கிறேன்.

ஊர்ச் சாலை வேலையோடு இலை நிலவரம் எழுதுவதும் என் பொறுப்புதான் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பதினொரு வருஷமாகத் திங்கள்தோறும் மாநிலத் தலைநகர் மான்ட்பீலியரில் உள்ள சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதிப் போடுகிறேன். புதன்கிழமை அதை ஒருவர் படித்துப் பதிவு செய்வார். சிவந்த இலை பார்க்க மலைக்கு வருகிறவர்கள் அந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வார்கள். இத்தனை நாள் ஒரு ஆள் படித்தார், இருமிக்கொண்டே படிப்பார். இந்த வருஷம் ஒரு பெண் படிக்கிறார். "டன்மூர், இரண்டு சதவீதம்" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறார். மற்ற ஊர்களுக்கு நிறுத்துவதில்லை. சும்மா தகவலுக்காக எழுதினேன்.

வேறு விசேஷமில்லை.

ரோலண்ட்


டூசான்
9 செப்டம்பர் 1986

அன்புத் தம்பிக்கு,

நலமா? இலை வந்தது. உறையைப் பிரித்ததும் மூக்குப்பொடி மாதிரி கொட்டியது. தும்மினேன். என் இலையுதிர்கால அனுபவம் இதுவரை அவ்வளவுதான்.

சதவீதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? முதல் இலை சிவக்கும்போது உன் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று எழுது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் இதோ ஒரு மாதிரி, போன வாரம் நானே எழுதியது:

"டன்மூர் மலை இன்று மணப்பெண்ணாக நிற்கிறது. உச்சி முதல் அடிவாரம் வரை பச்சைக்கு இடமே இல்லை. செம்பும் பொன்னும் மாதுளையுமாக ஒவ்வொரு மரமும் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. இந்த வாரம் வராதவர்கள் ஆயுள் முழுக்க வருந்துவார்கள்."

வட்டத்தில் படித்துக் காட்டினேன். "மளிகைக் கடை காலண்டர்ல போடலாம்" என்றாள் பாஸ்கம். அவள் கிடக்கிறாள், நீ இந்த மாதிரி எழுதி அனுப்பு.

ஆமாம், நிறுத்திச் சொல்கிறாளாமே, யார் அந்தப் பெண்?

உன் அக்கா


டன்மூர்
18 செப்டம்பர் 1986

அன்பு அக்காவுக்கு,

நலம். முதல் இலை சிவக்கும்போது என் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சாலைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய்கள் அடைத்துக்கொள்ளுமே என்று தோன்றும். அதை எழுதிக்கொள்.

நீ அனுப்பிய மாதிரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திங்கள்கிழமை வேலை அதிகம், நிலவரம் எழுத நேரமில்லை. கையில் உன் கடிதம் இருந்தது. அதை அப்படியே பார்த்து எழுதிப் போட்டுவிட்டேன். அந்தப் பெண் எப்போதும் எண்ணைத்தான் படிக்கிறார், ஒரு மாறுதலுக்கு நீளமாக எதையாவது படிக்கட்டுமே என்றும் நினைத்தேன்.

நேற்று படித்தார். "மாதுளையுமாக" என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கி எழுந்தது. சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க ஐந்தாறு தடவை கேட்டேன்.

மலையில் உண்மையில் எட்டு சதவீதம். பரவாயில்லை, இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?

ரோலண்ட்


டன்மூர்
22 செப்டம்பர் 1986

அன்பு அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன். ஏழு பேருந்துகள் வந்தன.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் வண்டி. நியூ ஜெர்சிக்காரர்கள், எல்லோர் கழுத்திலும் கேமரா. இறங்கி மலையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மலை தவளை மாதிரிப் பச்சையாக இருந்தது. ஒரு அம்மா என்னிடம் வந்து, "ஏங்க, கலரை எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று கேட்டார்.

"அது தானா வரணும்மா."

"அப்ப போன்ல அந்தப் பொண்ணு சொன்னது?"

"அவங்க மேல தப்பில்லீங்க. எழுதிக் கொடுத்தது நான்."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அப்புறம் அந்த ஏழு பேருந்துக் கூட்டத்துக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தேவாலயத்தில் மாலை விருந்துக்குச் செய்து வைத்திருந்த சிக்கன் பை பலகாரம் முழுவதையும் பதினொரு மணிக்கே தின்று தீர்த்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் கோஸ் சாலட். யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊர்மன்றத் தலைவர் எஸ்ரா பிட்கின் கூட்டம் போட்டு என்னை நிற்க வைத்து, "பதினோரு வருஷமா ரெண்டு வார்த்தை எழுதினவன், இப்ப என்ன கல்யாணப் பத்திரிகையா எழுதுற?" என்று கேட்டார். அக்கா எழுதியது என்று நான் சொல்லவில்லை.

அலுவலகத்துக்குப் புகார் போய்விட்டது. நேரில் வந்து மலையைச் சரிபார்க்க ஆள் அனுப்புகிறார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் வருகிறார். எர்மா ஸ்டோவல் என்று பெயர், இன்று காலை போனில் சொன்னார்கள்.

என்னிடம் சாம்பல் சட்டை ஒன்றும், கட்டம் போட்டது ஒன்றும் இருக்கின்றன. தகவலுக்காக.

ரோலண்ட்


டூசான்
27 செப்டம்பர் 1986

என் அருமைத் தம்பிக்கு,

சாம்பல். கட்டம் போட்டதில் அடுப்புச் சூட்டுத் துளை உண்டு, போன தடவை நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்தது.

பாவம், என்னால் உனக்கு இந்தத் தலைகுனிவு. வருத்தப்பட்டேன் என்று எழுத வேண்டும், ஆனால் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் கொன்சுவேலா மறுபடி தண்ணீரோடு வந்துவிட்டாள். உன் முந்தைய கடிதம் வந்த அன்றே அந்தப் போன் எண்ணை விசாரித்து நானும் கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. நான் எழுதியதை அவள் படிக்கும்போது கொஞ்சம் இலக்கியம் மாதிரிகூடத் தெரிந்தது.

என் நிலைமைதான் மோசம். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. "இலை விழுந்தது" என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. பல் டாக்டர் போன புதன்கிழமை நான் போவதற்கு முன்பே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

நகத்தை வெட்டிக்கொள். அவளிடம் பேசு.

அக்கா


டன்மூர்
7 அக்டோபர் 1986

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

ஒன்றாம் தேதி எர்மா ஸ்டோவல் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், கையில் எழுதும் அட்டை. ஊர் வண்டியில் மேட்டுச் சாலைக்கு அழைத்துப் போனேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மலையைப் பார்த்து, "நாப்பது" என்றார்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

"அந்த ஊசியிலை மரத்தையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுறீங்களா?"

"அதுவும் மலையிலதானே நிக்குது."

"அது எந்தக் காலத்துல கலர் மாறிச்சு? அதைக் கழிச்சுட்டுப் பாருங்க."

கழித்துப் பார்த்தோம். நாற்பத்தொன்று வந்தது. இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மழை பிடித்துக்கொண்டது, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். என் சாண்ட்விச்சில் பாதியை எடுத்துக்கொண்டார். நான் கொடுக்கவில்லை, அவராகத்தான் எடுத்தார். போகும்போது என் நிலவரம் இனி நம்பத்தக்கது, மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். நல்ல செய்திதான்.

நேற்று திங்கள்கிழமை. மலை அறுபது சதவீதம். நான் பதினைந்து என்று எழுதிப் போட்டுவிட்டேன். கண்ணாடியைத் துடைக்காமல் பார்த்ததால் வந்த பிசகு.

ரோலண்ட்


டூசான்
11 அக்டோபர் 1986

திருட்டுத் தம்பிக்கு,

முழங்கால், முதுகு, மற்ற எல்லா உறுப்புகளும் நலம்தானே? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நீ கண்ணாடியே போடுவதில்லை. அறுபதைப் பதினைந்து என்று எழுதும் அளவுக்கு உனக்கு வேறு எங்கேயோ கோளாறு.

அம்மாவின் ஜாடியை உடைத்துவிட்டு, அவர் கேட்பதற்கு முன்பே போய்ச் சொன்னவன் நீ. அதற்காக நானும் சேர்ந்து அடி வாங்கியதை இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு மலையையே மறைக்கிறாய் என்றால், நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். எழுந்தபோது பதினோரு பக்கம் இருந்தது. ஏசி போடவில்லை, பட்டை கொதிக்கவில்லை. வேர்த்து ஒழுகியது, கவனிக்கவே இல்லை. இந்த நான்கு வருஷத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை ரோலண்ட். அழுதேன்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று இப்போது கேட்காதே.

அக்கா


டன்மூர்
15 அக்டோபர் 1986

அன்பு அக்காவுக்கு,

கேட்கவில்லை. பதினோரு பக்கம் எழுதியது சந்தோஷம்.

பதினைந்து என்று எழுதியதைச் சரிபார்க்க எர்மா ஒன்பதாம் தேதி வர வேண்டியதாயிற்று. மறு ஆய்வு உத்தரவு என்று ஒரு காகிதம் காட்டினார். "உங்களால எனக்கு எவ்வளவு தூரம் அலைச்சல் பாத்தீங்களா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை அவரே சாண்ட்விச் கொண்டுவந்திருந்தார், இரண்டு.

முந்தாநாள் நிலவரத்தில் மறுபடி பிசகு. பாதி மலை மொட்டையாகிவிட்டது. நான் "முழுப் பச்சை" என்று எழுதியிருக்கிறேன். இன்னொரு ஆய்வு உத்தரவு போட்டாகிவிட்டதாம், நாளை வருகிறார். எஸ்ரா பிட்கின் என்னைக் கண் டாக்டரிடம் போகச் சொல்கிறார்.

இருபத்தைந்தாம் தேதியோடு போன் நிலவரம் இந்த வருஷத்துக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு அடுத்த செப்டம்பர் வரை எழுத ஒன்றும் இருக்காது. இதுவும் தகவலுக்காகத்தான்.

ரோலண்ட்


டூசான்
18 அக்டோபர் 1986
விரைவுத் தபால்

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம். இத்துடன் ஒரு பொட்டலம் இருக்கிறது. அதுதான் கதை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது உன் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரை மாற்றியிருக்கிறேன், உனக்கு மீசை வைத்திருக்கிறேன். ஆனாலும் உன்னைத் தெரிந்தவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு குரலைக் கேட்பதற்காக நீளமாக எழுதியவன், பிறகு அந்த ஆளைப் பார்ப்பதற்காகப் பொய் எழுதியவன். வட்டத்தில் முதல் பாதியைப் படித்தேன். பாஸ்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் நிஜமாகவே கண்ணாடி போடுகிறவள்.

முடிவுதான் இல்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றும் பொய்யாக இருக்கின்றன.

நீ வேண்டாம் என்றால் அச்சிட மாட்டேன். கிழித்துப் போட்டுவிட்டு நாற்காலியைப் பல் டாக்டருக்கே கொடுத்துவிடுவேன். வீம்புக்குச் சொல்லவில்லை. நான் எழுதிய ஒரே நல்ல கதை இதுதான், ஆனால் உன் மானத்தை விற்று எனக்கு நாற்காலி வேண்டாம். படித்துவிட்டுச் சரி, அல்லது வேண்டாம், ஒரு வார்த்தை எழுது. பத்தாம் தேதி கெடு.

உன் அக்கா


டன்மூர்
27 அக்டோபர் 1986

அக்காவுக்கு,

நான் இன்னும் படிக்கவில்லை. வேறு ஒருவர் படித்துவிட்டார்.

பொட்டலம் புதன்கிழமை வந்தது. பிரித்து முதல் பக்கம் பார்த்தேன், காது சுட்டது. வண்டி இருக்கையில் போட்டுவிட்டேன். மறுநாள் எர்மா வந்தார். திங்கள்கிழமை நிலவரத்தில் "இலைகள் மறுபடி துளிர்க்கின்றன" என்று எழுதியிருந்தேன், அதற்கு ஆய்வு. வழியில் ஓடைத் தண்ணீர் போகும் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அவரை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு இறங்கிக் குப்பையை அள்ளினேன். நிமிர்ந்து பார்த்தால் மடியில் உன் கதை, கையில் பென்சில்.

அடைப்பு எடுத்து முடித்த பிறகும் ஓடையை விட்டு நான் ஏறவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேல், பனிக்கட்டி மாதிரிக் குளிர். வேறு எங்கே போவது? கடைசியில் அவரே வண்டிக் கண்ணாடியை இறக்கி, "ரோலண்ட், காலு விறைச்சுப் போகும், மேல வாங்க" என்றார். ஏறினேன். ஊர் வரும் வரை மேற்குச் சரிவு இருபது சதவீதம் இருக்கும் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். இறங்கும்போது கதையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமையோடு போன் நிலவரம் நின்றது. அவர் போய் நாலு நாளாகிறது, அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது.

சரியா வேண்டாமா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை அக்கா. உனக்கு அந்த நாற்காலி போய்விடக் கூடாது. ஆனால் அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்றும் தெரியவில்லை. இதைத் தகவலுக்காக எழுதவில்லை.

ரோலண்ட்


மான்ட்பீலியர், வெர்மான்ட்
1 நவம்பர் 1986

மதிப்புக்குரிய திருமதி டெல்பின் அவர்களுக்கு,

நாம் சந்தித்ததில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முகவரி பொட்டலத்தின் மேல் இருந்தது.

அடுத்தவர் தபாலை, அதனுடன் இருந்த உங்கள் கடிதத்தையும் சேர்த்து, படித்தது தவறு. மன்னிப்புக் கேட்பதாக இல்லை, மறுபடி கையில் கிடைத்தால் மறுபடி படிப்பேன். கதையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். திருத்தங்கள் பென்சிலில் இருக்கின்றன. ஓக் மரம் செப்டம்பரில் சிவக்காது, எல்லா மரங்களுக்கும் கடைசியில்தான். சாலைக்காரருக்கு மீசை வேண்டாம்.

ஏழாம் பக்கத்தில் உள்ள பிழை பெரியது. அவர் தப்பு நிலவரம் எழுத எழுத, அலுவலகம் அந்தப் பெண்ணை வாராவாரம் அனுப்பி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த அலுவலகமும் அப்படிச் செய்யாது. முதல் தடவை என்னை அனுப்பினார்கள், அது உண்மை. அதன் பிறகு எண் தப்பாக வந்தால் போனில் கேட்டுத் திருத்திவிட்டுப் போவதுதான் வழக்கம், இரண்டு நிமிட வேலை. மற்ற மூன்று ஆய்வு உத்தரவுகளையும் நானே தட்டச்சு செய்தேன், நானே கையெழுத்துப் போட்டேன், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என் சொந்தக் காரில் கொண்டுவந்து காட்டினேன். இலைகள் மறுபடி துளிர்ப்பதாக அவர் எழுதியதை அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பார்த்தேன். மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு முடிவு கிடைக்கவில்லை என்று ஓரத்தில் குறித்திருந்தீர்கள். இதை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், கெடு தாண்டிவிடும். அந்தப் பெண்ணின் சம்மதம் இந்தக் கடிதம்.

உங்கள் தம்பியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அன்று வண்டியில் இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் மேற்குச் சரிவு இருபது சதவீதம் என்றார். நாளை சூப் கொண்டுபோகிறேன், ஓடையில் நின்ற முழங்காலைப் பார்க்க. நாளையும் சொல்வேனா என்று தெரியாது.

மலர் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் படிக்க மாட்டார். அதனால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள், நானே போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
எர்மா ஸ்டோவல்